புது மன்னர்க்கு எந்த நாடு?

உலகத்தை வெல்லப் புறப்பட்ட அலெக்சாந்தர் முப்பத்துமூன்று வயது நிரம்புமுன்பே காலமானான். உலகம் வெல்லப்படாமலே கிடந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளோ இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் அவ்வுலகத்தை ஒரு முறை வென்று, இரு முறை தோற்று, பின்னர் கொட்டாவியுடன் உறங்கச் செல்கின்றனர். கைத்தொலைபேசியின் சிறு திரையில் ஒரு தேசப்படம் விரிகின்றது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நிறத்துக்கொரு மன்னர். ஒருவர் கொழும்பில் இருப்பார். மற்றொருவர் கனடாவிலோ போலந்திலோ இருப்பார். முகம் தெரியாது, மொழி தெரியாது. ஆயினும் போர் நடக்கின்றது.

இவ்வாட்டம் நன்றா தீதா என்று வழக்குரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆடப் புகும் பிள்ளை எந்தப் படத்தில் தொடங்குகின்றது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். இஃது அற்ப விடயம் போலத் தோன்றும். ஆனால், மஹய்யாவையில் என் அயலிலும், நான் வரலாறு கற்பிக்கும் வகுப்பிலும், ஒரே செய்தியைப் பலமுறை கேட்டுவிட்டேன். பிள்ளை ஆட்டத்திற் சேர்கின்றது. படங்களின் பட்டியல் நூற்றுக்கணக்காய் நீள்கின்றது. அவற்றுள் மிகப் பெரியதும் மிக அழகியதுமான ஒன்றைத் தெரிந்துகொள்கின்றது. நான்காம் சுற்றில் அதன் நிறம் படத்திலிருந்து முற்றாக மறைந்துபோகின்றது. மறுநாள், "எனக்கு இதுக்கெல்லாம் மூளை பத்தாது, சேர்" என்கின்றது. படத்தின் குற்றத்தைத் தன் மூளையின் மேல் ஏற்றிக்கொள்ளும் இம்முடிவு விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. கணிதத்திலும் அடுத்த வாரம் அதே சொல்லைக் கேட்கிறோம்.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் 'றிஸ்க்' என்னும் பலகை ஆட்டம். அதை ஆக்கியவர் அல்பேர் லாமொறிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். ஒரு சிறுவனுக்கும் ஒரு சிவப்புப் பலூனுக்கும் உள்ள நட்பை 1956இல் படமாக எடுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். அத்தகைய மென்னெஞ்சினர் அடுத்த ஆண்டே, 1957இல், உலகத்தைப் போரிட்டு வெல்லும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார் என்பது வேடிக்கைதான். 1959இல் அமெரிக்காவின் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அதை 'றிஸ்க்' என்ற பெயரால் பரப்பிற்று. இன்று இணையத்தில் ஆடப்படும் நிலம் வெல்லும் ஆட்டங்கள் பலவும் அதன் வழி வந்தவையே. தளத்துக்குத் தளம் விதிகள் சிறிது மாறும், எலும்புக்கூடு ஒன்றே.

அவ்வெலும்புக்கூட்டைச் சுருக்கமாகக் கூறுவோம். உலகப் படம் 42 நாடுகளாகவும் அவை 6 கண்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. (இலங்கை அதில் தனி நாடாக இல்லை. கண்டியில் இருந்துகொண்டு ஆடுவோர்க்கு இது சற்று மனக்குறைதான்.) ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், தன்னிடமுள்ள நாடுகளின் தொகையை மூன்றால் வகுத்து வரும் அளவு புதுப்படை ஒருவருக்குக் கிடைக்கும், எவ்வளவு குறைந்தாலும் 3 உறுதி. ஒரு கண்டம் முழுவதையும் பிடித்து, தன் முறை மீண்டும் வரும்வரை காத்தவருக்கு மிகைப்படையும் உண்டு. போரின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். எண்கள் சமமாக விழுந்தால் காப்பவனுக்கே வெற்றி.

புதிதாய் ஆடுவோர் எல்லோரும் இம்மிகைப்படையின் அளவைத்தான் முதலிற் பார்க்கின்றனர். ஆசியாவைப் பிடித்தால் சுற்றுக்கு 7 படை என்றதும் நாவூறுகின்றது. அவுஸ்திரேலியாவுக்கோ 2 படையே. எனவே ஆசியாவுக்கு ஓடுகின்றனர்; அங்கேயே மடிகின்றனர். அவர்கள் எண்ண மறந்தது வாயில்களை. ஆசியாவில் 12 நாடுகள். அவற்றுள் வெளியாரால் தாக்கப்படக்கூடிய எல்லை நாடுகள் 5. அவுஸ்திரேலியாவில் 4 நாடுகள்; உள்ளே நுழைய இந்தோனேசியா என்ற ஒரே வாயில். மிகைப்படையை வாயிலின் தொகையால் வகுத்துப் பார்க்கட்டும். அவுஸ்திரேலியாவுக்கு வாயில் ஒன்றுக்கு 2 கிடைக்கின்றது. 9 நாடுகளும் 3 வாயில்களும் 5 மிகைப்படையும் உடைய வட அமெரிக்காவுக்கு 1.67. ஆசியாவுக்கு 1.4. நான்கு வாயில் உடைய ஐரோப்பாவுக்கு 1.25. தென் அமெரிக்காவும் ஆபிரிக்காவும் வாயிலுக்கு 1 என்ற அளவில் நிற்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இக்கணக்கில், ஏழு பெரிதென்று தோன்றிய மயக்கம் தெளிந்துவிடும்.

ஆகவே புதியவர்க்கு ஏற்ற படம் எது என்று கேட்போர்க்கு நான் கூறும் விடை இதுதான்: படத்தின் அழகைப் பாராமல், பரப்பைப் பாராமல், வாயில்களை எண்ணுங்கள். ஒன்று அல்லது இரண்டு வாயில்களுடன், நான்கைந்து நாடுகளைக் கொண்ட சிறு மண்டலங்கள் பல அமைந்த படமே தொடக்கத்துக்கு உகந்தது. அத்தகைய மண்டலம் ஒன்றே ஒன்று இருக்குமாயின் எல்லோரும் அதன் மேல் விழுவர். மூன்று நான்கு இருந்தால் புதியவனுக்கும் ஒன்று அகப்படும்.

கண்டியிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் வாழும் ஊரே வாயில் குறைந்த நாடு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இறங்கினால் மகாவலி கங்கை எதிர்ப்படும். மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலுமாக மூன்று திசைகளிலும் அது நகரைச் சுற்றி ஓடுகின்றது. கொழும்பிலிருந்து ஏறி வர வேண்டுமாயின் மலைக் கணவாய்கள்: ஒரு பக்கம் பலனை, மறு பக்கம் கலகெதர. போர்த்துக்கேயர் 1594இல் இவ்வழியே நுழைந்தனர். திரும்பும்போது தந்துறையில் அவர்களின் படை அழிந்தது. 1638இல் மீண்டும் வந்து நகரைக் கொளுத்தினர்; பேராதனைக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கனின் படையினராற் சூழப்பட்டு மாண்டனர். 1765இல் ஒல்லாந்தர் வந்தனர். வெறுமையான நகரைப் பிடித்துச் சில மாதங்களில் விட்டுச் சென்றனர். உள்ளே வருவது ஒவ்வொரு முறையும் எளிதாயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவனுக்கு வெளியேறும் வழியும் உணவு வரும் வழியும் அதே குறுகிய வாயில்தான். அதனைக் காட்டுக்குள்ளிருந்து சிலர் அடைத்துவிட்டால் நகரத்தைப் பிடித்தவனே சிறைப்பட்டவன் ஆகின்றான்.

1803ஆம் ஆண்டுக் கதை இன்னும் துயரமானது. ஆங்கிலேயர் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படைகளை அனுப்பிக் கண்டியை அடைந்தனர். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரை விட்டு நீங்கியிருந்தான். முத்துசாமி என்ற நாயக்க இளவரசனைத் தங்கள் சார்பில் அரியணையில் அமர்த்திவிட்டு, பெரும்படை கரையோரம் திரும்பிற்று. மேஜர் டேவி என்பவரின் கீழ் ஒரு காவற்படை மாத்திரம் எஞ்சியது. காய்ச்சலும் பட்டினியும் அதனைத் தின்றன. ஜூன் மாதம் சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டவர்கள், வட்டபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓடுவதைக் கண்டு கரையிலேயே நின்றனர். கடக்க இயலவில்லை. முத்துசாமி அரசனிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான், படையினரும் கொல்லப்பட்டனர். மஹய்யாவையிலிருந்து அவ்விடம் அதிகத் தொலைவன்று. இறந்தவர்கள் பகடைக் காய்கள் அல்லர். ஆட்டத்துக்கு உவமை தேடும்போது இதனை மறத்தலாகாது. பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது நான் அவ்வளவில் சற்று நிறுத்துவது வழக்கம்.

அந்நிகழ்ச்சியில் ஆட்டக்காரர் அறிய வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. நாடுகளைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு. 9 நாடுகளை உடைய புது மன்னன் ஆசைப்பட்டு மேலும் இரண்டைப் பிடித்து 11 ஆக்குகின்றான் என்போம். மூன்றால் வகுத்தால் ஒன்பதுக்கும் 3, பதினொன்றுக்கும் 3. வரவில் ஒரு படையும் கூடவில்லை. காக்க வேண்டிய எல்லை மாத்திரம் கூடிற்று. ஒவ்வொரு நாட்டிலும் ஒற்றைப் படைவீரன் நிற்கின்றான், டேவியின் காவற்படையைப் போல. பன்னிரண்டாவது நாட்டை எட்டும் வலிமை இல்லையாயின் ஒன்பதில் நிற்பவனே அறிவாளி. பெரிய படங்களில் இப்படித் தாவித் தாவிப் பிடிக்கும் ஆசைக்கு அளவே இருப்பதில்லை. சிறிய படத்தில் அவ்வாசையின் விளைவு மறு சுற்றிலேயே தெரிந்துவிடும். ஆசிரியன் என்ற முறையில் நான் சிறிய படத்தை விரும்புவதற்கு முதற் காரணம் இதுதான். செய்த பிழைக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறையக் கல்வி விரைவாக ஏறும்.

நிற்க. ஒற்றை வாயில் நாடு கிடைத்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டா. எதிரி வரும் வாயில் ஒன்றேயாயின் நாம் வெளியேறும் வாயிலும் ஒன்றே. அவுஸ்திரேலியாவில் இருப்பவன் வெளியே வர வேண்டுமானால் சீயம் வழியாகத்தான் வர வேண்டும். எதிரி சீயத்தில் பெரும்படையைக் குவித்து வைத்துவிட்டால், உள்ளே இருப்பவன் சுற்றுக்கு இரண்டு மிகைப்படையை வாங்கி அடுக்கிக்கொண்டு சன்னலோரத்தில் அமர்ந்திருக்க வேண்டியதுதான். கண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. மலைகள் அரசைக் காத்தன. அவையே அதனை அடைத்தும் வைத்தன. பின்னர் 1815இல் ஆங்கிலேயர் ஒரு வாயிலை நம்பாமல் பல திசைகளிலிருந்து படைகளை அனுப்பினர். உள்ளிருந்த பிரதானிகளும் அரசனைக் கைவிட்டிருந்தனர். பெரும் போரின்றியே கண்டி வீழ்ந்தது. மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பின் வெற்றியாளர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, கடுகண்ணாவை மலையை ஊடறுத்து வீதி போட்டது. 1867இல் புகையிரதமும் வந்தது. வாயில் குறைந்த நாட்டை வென்றவன் வாயில்களைப் பெருக்கிவிட்டான்.

பகடையின் கணக்கும் உள்ளே பதுங்கியிருப்பவனுக்கு நெடுங்காலம் துணை நிற்பதில்லை. ஒருவனுக்கு ஒருவன் என்ற சிறு சண்டையில் 36 விதமாகப் பகடைகள் விழலாம். அவற்றுள் தாக்குபவன் வெல்வது 15 மட்டுமே. இதைக் கண்டு காப்பவன் கையே ஓங்கியது என்று முடிவு செய்யலாகாது. பெரும்படைகள் மோதும்போது தாக்குபவன் மூன்று பகடையும் காப்பவன் இரண்டும் எறிவர். அப்போது விழக்கூடிய 7,776 விதங்களுள், காப்பவன் இருவரை இழப்பவை 2,890. தாக்குபவன் இருவரை இழப்பவை 2,275. எஞ்சிய 2,611இல் ஆளுக்கொன்று. சிறு வேறுபாடுதான். ஆனால் படை பெருகப் பெருகத் தராசு தாக்குபவன் பக்கமே சாயும். ஆகையால் என் சொந்தக் கருத்து, இரண்டு வாயில் உடைய மண்டலமே முதற்பாடத்துக்குச் சிறந்தது என்பது. ஒன்றைக் காத்து மற்றொன்றால் வெளியேறலாம். நாற்பத்திரண்டு நாட்டு உலகப் படத்தில் தென் அமெரிக்கா அத்தகையது: 4 நாடுகள், வெனிசுவேலா வடக்கே பார்க்கும், பிரேசில் ஆபிரிக்காவைப் பார்க்கும். அனுபவமுள்ளோர் பலர் அவுஸ்திரேலியாவையே புகழ்வர். புகழட்டும். காக்க மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை பாதி ஆட்டத்தையே கற்றது என்பேன்.

படத்தின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு நாடுகள் தொடக்கத்தில் விழுமாறு படத்தையும் ஆட்களின் தொகையையும் பொருத்திக்கொள்க. 42 நாடுகளில் நால்வர் ஆடினால் இவ்வளவு வரும். அறுவர் ஆடினால் ஆளுக்கு 7. ஓரிரு பகடை பிழைத்தாலே கதை முடிந்துவிடும். பனிமூட்டம் என்று ஒரு விதி சில ஆட்டங்களில் உண்டு. அயல்நாட்டுப் படை மட்டுமே தெரியும், மற்றெல்லாம் மறைந்திருக்கும். தோற்றவன் ஏன் தோற்றான் என்பதே விளங்காத ஆட்டத்தில் புதியவன் என்ன கற்பான்? அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வழியாக மட்டும் செல்லக்கூடிய எல்லைகள், தொலைவிலிருந்தே குண்டு பொழியும் நாடுகள் முதலிய சிறப்பு விதிகள் நிறைந்த படங்களும் அப்படியே. இன்னொன்று, கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய கணினித் திரைக்காக வரையப்பட்ட படத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் பிள்ளை, எந்நாடு எந்நாட்டைத் தொடுகின்றது என்பதே புலப்படாமல் தவறான இடத்தில் விரலை வைத்துவிடுகின்றது. கடலின் குறுக்கே புள்ளிக் கோடுகளால் காட்டப்படும் வழிகளையும் முதலிலேயே தேடி எண்ணிவிட வேண்டும். அலாஸ்காவும் கம்சாட்காவும் படத்தின் இரு கோடிகளில் கிடந்தாலும் அயல்நாடுகளே என்பதை அறியாமல் வட அமெரிக்காவை இழந்தோர் தொகை பெரிது.

பெற்றாருக்கு ஒரு சொல். படத்தைத் தெரிவதோடு நேர ஒழுங்கையும் தெரிந்து கொடுப்பது உங்கள் கையில் உள்ளது. உடனுக்குடன் ஆடும் ஆட்டமும் உண்டு. ஒரு முறைக்கு இருபத்துநான்கு மணி நேரம் தவணை தரும் ஆட்டமும் உண்டு. முன்னதில் பெரிய படத்தைத் திறந்தால் இரவு போய்விடும். இடையில் எழுந்தால் தோல்வி என்பதனால் பிள்ளை எழவும் மாட்டாது. பின்னதில் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். மாலையில் ஒரு முறை பார்த்து, எண்ணி, ஆடிவிட்டு மூடிவிடலாம். பரீட்சைக் காலத்தில் சண்டையில்லாமல் வீடு நடக்க இது நல்ல ஏற்பாடு. பிள்ளையும் மறுநாள் மாலை வரை அடுத்த நகர்வை மனத்திலே அசைபோடும். அந்த அசைபோடுதலே ஆட்டத்தின் சாரம்.

நம் பாட்டிமார் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஆடுபுலி ஆட்டத்தில் இருப்பவை 23 சந்திகளே. புலி மூன்று, ஆடு பதினைந்து. திண்ணையில் கரித்துண்டால் கீறிவிட்டால் களம் ஆயத்தம். எந்தச் சந்தியிலிருந்து எத்தனை வழி பிரிகின்றது என்பதை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். பெரிய படத்தில் தோற்றுத் தனக்கு மூளை பத்தாது என்ற அந்த மாணவனின் தங்கை, ஆத்தாவுடன் ஆடுபுலி ஆடிப் பழகியவள். அவள் திரையில் இருபதுக்கும் குறைந்த நாடுகளைக் கொண்ட ஒரு சிறு படத்தைத் தெரிந்து, இருவரை மாத்திரம் எதிர்த்து ஆடினாள். முதல் ஆட்டத்தில் தோற்றாள். தோற்றதன் காரணத்தை அண்ணனுக்கு விரல்விட்டுச் சொன்னாள்: "இந்த மூணு வாசலுல நடுவாசலுக்கு ஆள் வைக்க மறந்துட்டேன்." அவன் அதன் பின்பே தன் பெரிய படத்தை மூடிவிட்டுத் தங்கையின் படத்துக்கு வந்தான்.

ஆட்டக்காரரே படம் வரைந்து சேர்க்க இடமளிக்கும் தளங்களும் உள்ளன. இதைக் கேள்வியுற்ற என் வகுப்பு மாணாக்கர் கண்டி இராச்சியத்தைப் புதியவர்க்கு ஏற்ற படமாக வரையத் தொடங்கியிருக்கின்றனர். பலனைக்கு ஒரு வாயில், கலகெதரைக்கு ஒரு வாயில் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கண்டி மண்டலத்துக்கு மிகைப்படை எத்தனை என்பதில் சிறு பூசல். நான்கு என்றனர், பிறகு மூன்றுக்கு இறங்கினர், கரையோரத்தார் ஆடவே வரமாட்டார்கள் என்று ஒரு மாணவி எடுத்துக்காட்டிய பின். மகாவலியில் வந்துதான் சிக்கிக்கொண்டார்கள். வட்டபுளுவவில் ஆற்றைக் கடக்கப் புள்ளிக்கோடு போடுவதா, கூடாதா? மாசியில் வந்தவன் கடந்திருப்பான் என்கின்றது ஒரு கட்சி. ஜூனில் வந்தவன் கரையில் நின்றான் என்கின்றது மறு கட்சி. சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஆற்றை மூடித் திறக்கலாம் என்று மூன்றாம் கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கின்றது; அப்படிச் செய்தால் அது புதியவர்க்கு ஏற்ற படமாக இராது என்று மற்ற இரு கட்சிகளும் அதனை எதிர்க்கின்றன. படம் இன்னும் கரும்பலகையில்தான் இருக்கின்றது.